படிக்கும் முன்பே கண் முடிவு செய்கிறது

2000 நவம்பர் 7, அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வட்டாரத்தில் முதியவர்கள் அதிகம். அவர்கள் சிரமமின்றிப் படிக்கட்டும் என்று தேர்தல் அலுவலகம் வாக்குச் சீட்டில் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் எழுத்து பெரிதானதும் 10 வேட்பாளர்களின் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அதனால் எதிரெதிராக இரண்டு பக்கங்களில் பெயர்களைப் போட்டு, வாக்களிக்கக் குத்த வேண்டிய துளைகளை நடுவில் ஒரே நேர்கோட்டில் வைத்தார்கள்.

இடப்பக்கத்தில் முதல் பெயர் ஜார்ஜ் புஷ், இரண்டாவது ஆல் கோர். நடுவிலிருந்த முதல் துளை புஷ்ஷுக்கு. இரண்டாவது துளையோ வலப்பக்கத்தின் முதல் பெயரான பேட் புக்கானனுக்கு. கோருக்கு உரியது மூன்றாவது துளை. எந்தத் துளை யாருக்கு என்று காட்ட அம்புக்குறியும் எண்ணும் அச்சிட்டிருந்தார்கள். இருந்தும் அங்கே அதிக ஆதரவு இல்லாத புக்கானனுக்கு 3,400 வாக்குகளுக்கு மேல் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை கோருக்குச் சேர வேண்டியவையாக இருக்கலாம் என்று புக்கானனே சொன்னார். ஒன்றுக்கு மேற்பட்ட துளை குத்தியதால் செல்லாமல் போன சீட்டுகள் 19,000க்கும் அதிகம். ஃபுளோரிடாவில் புஷ் வென்றதாக அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 537 வாக்குகள். அந்த மாநிலத்தை வென்றவரே அதிபரானார்.

அதே வட்டாரத்தில் தபாலில் வாக்களித்தவர்களுக்கு வேறு வடிவச் சீட்டு. அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் 2001இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வாக்குச் சாவடியில் புக்கானனுக்குக் கிடைத்த வாக்கு விகிதம், தபால் வாக்கில் கிடைத்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கோருக்குப் போக வேண்டிய 2,000 வாக்குகளுக்கு மேல் தவறுதலாகப் புக்கானனுக்குப் போயின என்பது அவர்கள் கண்ட முடிவு.

எழுதப் படிக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தவறினார்கள் என்றால் காரணம் அவர்களின் கவனக்குறைவு அல்ல. கண்ணும் மூளையும் வேலை செய்யும் விதத்தில்தான் அதைத் தேட வேண்டும்.

ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் பயன்படுத்திய கருவி வெறும் புள்ளிகள். இரண்டிரண்டு புள்ளிகளை நெருக்கி, நடுவே இடைவெளி விட்டு ஒரு வரிசை போடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அவை ஜோடிகளாகத்தான் தெரியும். தனித்தனிப் புள்ளிகளாகப் பார்க்க முயன்றாலும் எளிதில் முடியாது. இது அருகாமை விதி. ஒரே நிறம், ஒரே வடிவம் கொண்டவை ஓர் இனமாகச் சேரும். இது ஒப்புமை விதி. ஒரே கோட்டில் நிற்பவை ஒரே தொடராகத் தெரியும். இது தொடர்ச்சி விதி. இன்று டிசைன் வகுப்புகளில் சொல்லித்தரும் அடிப்படைப் பாடங்களில் பல இங்கிருந்து வந்தவை.

இது ரசனை சார்ந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தாலிய உளவியலாளர் கயேட்டானோ கனிட்சா 1955இல் ஒரு படம் வரைந்தார். வாய் திறந்த மூன்று கறுப்பு வட்டங்களை மூன்று மூலைகளில் வைத்தால், நடுவில் வரையப்படாத ஒரு வெள்ளை முக்கோணம் பளிச்சென்று தெரிகிறது. 1984இல் குரங்குகளின் மூளையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இப்படி இல்லாத விளிம்புகளுக்கும் துடிக்கும் நரம்பு செல்களைப் பார்வைப் பகுதியில் கண்டார்கள். பார்த்ததை ஒட்டிச் சேர்த்து உருவமாக்குவது, நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே நடக்கும் வேலை.

இப்போது அந்தச் சீட்டைப் பாருங்கள். இடப்பக்கப் பெயர்கள் ஒரு பட்டியல். நடுவிலிருக்கும் துளைகள் ஒரே வடிவம், ஒரே கோடு. அவையும் ஒரு பட்டியல். மூளை முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் கோத்துவிட்டது. இரு பக்கமும் ஒரே துளை வரிசையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைச் சொல்லும் பொறுப்பு ஒரு சின்ன அம்புக்குறியின் தலையில் விழுந்தது. அமைப்பு ஒன்றைச் சொல்லி அம்பு வேறொன்றைச் சொன்னால், அமைப்புதான் ஜெயிக்கும்.

இதற்கு மாறாக, இந்தியாவின் மின்னணு வாக்கு இயந்திரத்தில் ஒரு வேட்பாளருக்கு ஒரு வரிசை. பெயர், புகைப்படம், சின்னம், நேராகவே விளக்கு, நீலப் பொத்தான். விரல் போக வேண்டிய இடத்தைக் கண் தேட வேண்டியதில்லை. வேட்பாளர் இல்லாத வரிசைகளின் பொத்தான்களை மூடி மறைத்துவிடுகிறார்கள். தேவையில்லாததை எடுத்துவிடுவதும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான்.

பக்கத்தில் எது முதலில் தெரிய வேண்டும் என்பதும் கண்ணைப் பொறுத்ததே. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் பார்வையில் துல்லியமான பகுதி கிட்டத்தட்ட அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அந்தச் சிறு வட்டத்தைக் கண் விநாடிக்கு மூன்று முறை போல வேறு வேறு இடத்துக்குத் தாவவைக்கிறது. அடுத்து எங்கே தாவுவது என்பதை மங்கலான ஓரப்பார்வை காட்டிக்கொடுக்கிறது. பெரிதாக இருப்பது, பின்னணியிலிருந்து தூக்கலாகத் தெரிவது, சுற்றிலும் வெற்றிடம் உள்ளது ஆகியவை அதில் எளிதாகச் சிக்கும். எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டால் எதுவுமே சிக்காது. இடத்தை வீணாக்கக் கூடாது என்று நோட்டீஸின் நாலு ஓரத்தையும் நிரப்புகிறவர்கள், காசு கொடுத்து அச்சடித்த செய்தியைத் தாங்களே மறைக்கிறார்கள்.

எழுத்தைப் பிரித்துக் காட்டுவது நிறத்தைவிட வெளிச்ச வேறுபாடுதான். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து எடுபடாது. ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து வந்தால் எழுத்து கண்ணை உறுத்துமே தவிர, நிலைத்து நிற்காது. இணையப் பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இந்த வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது. தனிக் கருவி எதுவும் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். நோட்டீஸைப் போனில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக்குங்கள். பிறகு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எழுத்து மங்கி, தொகுதிகள் மட்டும் மிஞ்சும். எது எதோடு சேர்ந்து நிற்கிறது, எது முதலில் தெரிகிறது என்பது அப்போது விளங்கும்.

இந்த விதிகளைக் கலைஞர்களைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டியவர்கள் மருந்து அட்டை அச்சிடுகிறவர்களும், வங்கிப் படிவம் தயாரிக்கிறவர்களும், அரசு அறிவிப்புகளை வடிவமைக்கிறவர்களும்தான். அழகில்லாத ஓவியத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அமைப்பு தவறிய படிவம் ஒருவரின் ஓய்வூதியத்தை நிறுத்தலாம், மாத்திரையை மாற்றி விழுங்க வைக்கலாம். ஆயிரக்கணக்கில் அச்சுக்குப் போகும் முன், அதைத் தயாரித்ததில் பங்கில்லாத பத்துப் பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தவறினால், அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த இடத்தைத் திருத்துங்கள்.