'கற்பழிப்பு' என்னும் சொல்லாட்சியும் பால்சார் நோக்கும்

பாலியல் வன்கொடுமையைக் குறிக்கத் தமிழ் இதழ்கள் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்னும் சொல்லையே ஆண்டுவந்தன. இன்று 'வன்புணர்வு', 'பாலியல் வன்கொடுமை' ஆகியவை பெருகியிருப்பினும் பழைய சொல் முற்றிலும் வழக்கொழியவில்லை.

திருட்டு என்பது திருடியவருக்கே இழிவு. பொருளை இழந்தவரை எவரும் பழிப்பதில்லை. கற்பழிப்பு என்னும் சொல்லோ பாதிக்கப்பட்டவளின் இழப்பையே முன்னிறுத்துகிறது. 'கற்பழிக்கப்பட்ட பெண்' என்னும் செயப்பாட்டுத் தொடரில் வினைமுதல் மறைய, இழிவு பெண்ணுக்கு அடைமொழியாக நின்றுவிடுகிறது.

தொல்காப்பியக் கற்பியலில் கற்பு என்பது கரணத்தொடு கூடிய மண ஒழுக்கம். பிறர் பறிக்கத்தக்க உடைமை அன்று. பெண்ணுக்கு மட்டுமே உரிய உடல்தூய்மை எனப் பொருள் குறுகியபோதே 'அழித்தல்' அதனோடு இணைய இயலும்.

இந்நோக்கு சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 155(4), முறையிட்ட பெண்ணின் நடத்தையைக் காட்டி அவளது சாட்சியத்தின் நம்பகத்தன்மையை மறுக்க இடமளித்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கியது.

பாதிக்கப்பட்ட ஆணுக்கோ இச்சொல்லில் இடமே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறார் அனைவரையும் பால் வேறுபாடின்றிக் காக்கிறது. எனினும், 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சம்ஹிதை தரும் வன்புணர்வு வரையறை வயதுவந்த ஆண்களை உள்ளடக்கவில்லை.

சொல் மாறுவதால் மட்டும் நோக்கு மாறிவிடாது. ஆயினும் பழியைக் குற்றம் புரிந்தவர்மேல் நிறுத்தும் சொல்லைத் தேர்தல் அகராதியியலார்க்கும் இதழாளர்க்கும் உரிய கடமையாகும்.