மருத்துவத்தின் நான்காம் கூறு

தம்பானூர் ரயில் நிலையத்தின் வாயிலில் காலை வேளையில் சற்று நேரம் நின்று பார்ப்போமாயின், நாகர்கோவில் பக்கத்து வண்டிகளினின்று இறங்கும் கூட்டத்தில் சிலரை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். கையில் ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை. தோளில் மாற்றுத் துணியும் ஃபிளாஸ்கும் வைத்த பை. உடன் ஒரு கை துவண்டு தொங்க, மகனின் தோளைப் பற்றி நடக்கும் முதியவர். 1951-ஆம் ஆண்டு தோன்றிய மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, அதே வளாகத்தில் உள்ளதும் 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றதுமான ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்திற்கோ செல்லும் நம்மவர் அவர்கள்.

அங்குள்ள மருத்துவர்தம் திறமையைப் பலரும் புகழக் கேட்டிருக்கிறோம். ஆயினும், நோயாளியின் படுக்கையருகே இரவும் பகலும் இருப்பவர் ஆற்றும் பணியைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றுடன் உடனிருந்து பணிபுரிவோனையும் சமமாக வைக்கிறது. அந்த நான்காம் கூறு பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் எத்துணை இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற் கடமை

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் நேர்கிறது. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனக் கண்டாலும், மணியைக் குறித்துக்கொண்டு 108 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்திற்குள்தான் பயன்படும். 'சோடா கொடுப்போம், எண்ணெய் தேய்ப்போம்' என்று கழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமே. வாய்வழி ஒரு துளி நீரும் கொடுத்தலாகாது.

செவிலியர் கைத்திறன்

2011-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாத சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வொன்று வெளியாயிற்று. காய்ச்சலைக் கவனித்தல், இரத்தச் சர்க்கரையைக் கவனித்தல், விழுங்கும் ஆற்றலைச் சோதித்தல் ஆகிய மூன்றையும் முறையாகச் செய்யச் சில பிரிவுகளின் செவிலியருக்குப் பயிற்சி அளித்தனர். 90 நாட்களுக்குப் பின் பார்த்தபோது, இறந்தவரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதவரும் பயிற்சியில்லாத பிரிவுகளில் 100-க்கு 58 பேர். பயிற்சியுள்ள பிரிவுகளில் 42 பேர். புதிய மருந்து எதுவுமின்றி, கவனத்தால் மட்டுமே விளைந்த நன்மை இது!

விழுங்குதலைச் சோதிப்பது ஏன்? தொண்டைத் தசை தளர்ந்தவருக்குத் தண்ணீரே எளிதிற் புரையேறும். சிலருக்கு இருமலும் வாராமல் அது மூச்சுக்குழலுள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். செவிலியர் இசைவு தந்த பின்னரே, நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் ஊட்டுதல் வேண்டும். ஊட்டிய பின் அரைமணி நேரமாவது படுக்க விடலாகாது.

அசைய இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல் மற்றொரு கடமை. இடுப்பின் பின்புறம், குதிகால் ஆகிய இடங்களின் தோல் சிவக்கிறதா என்று நாள்தோறும் பார்த்தல் வேண்டும். படுக்கைப் புண் தோன்றுவது விரைவு. ஆறுவதோ வெகு தாமதம். செயலிழந்த கையைப் பற்றி இழுத்துத் தூக்குவதும், உணர்வற்ற காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் அன்பினாற் செய்யப்படும் தீங்குகளாம். முன்னது தோள்மூட்டைப் பிசகச் செய்யும். பின்னது தோலைச் சுட்டாலும் நோயாளி அறியார்.

தலைக்காயம்

மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவரைச் செவிலியர் அடிக்கடி எழுப்பி, பெயரைக் கேட்பதும் கையை அசைக்கச் சொல்வதும் கண்டு உறவினர் சிலர் சினங்கொள்வர். கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் அளந்து 3 முதல் 15 வரை எண்ணிடும் முறை 1974-இல் கிளாஸ்கோ நகரில் வகுக்கப்பட்டது. அந்த எண் குறைவதே, மூளையில் இரத்தம் கட்டுகிறது என்பதற்கு முதல் அறிகுறியாகலாம். வீடு திரும்பிய பின்னும் உறக்க மயக்கம் மிகுதல், ஓயாத வாந்தி, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குத் திரும்புக. சாந்தமானவர் கோபக்காரராக மாறினால், அதுவும் காயத்தின் விளைவாகலாம். அதனை அவர்மேற் குற்றமாக ஏற்றலாகாது.

பிறமொழி நாட்டில்

பிறந்த ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களுக்குத் தனித்த இடர் ஒன்று உண்டு. பல மொழி பேசிய ஒருவர் பேச்சிழந்து மீளும்போது, சிலருக்கு ஒரு மொழி முந்தியும் மற்றொன்று பிந்தியும் வரும். அவர் 'தண்ணீர்' என்று முனகுவார். மலையாளச் செவிலியர்க்கு அது 'வெள்ளம்'. நமக்கோ வெள்ளம் என்றால் ஆற்றுப் பெருக்கு! 'பசி' அவர்களுக்கு 'விசப்பு'. 'வலி' அவர்களுக்கு 'வேதன'. இத்தகைய பத்துச் சொற்களைப் படங்களுடன் ஒரு தாளில் எழுதித் தலைமாட்டில் தொங்கவிடுதல் செலவில்லாத பேருதவியாகும்.

அன்பு ஒன்றே போதும் என எண்ணுதலும் தவறு. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தினருக்குப் பயிற்சி தந்து மறுவாழ்வுப் பணியை அவர்களிடம் ஒப்படைத்ததனால் கூடுதற் பயன் காணப்படவில்லை. ஆகவே, பயின்ற கைகளின் துணை வீட்டிலும் வேண்டும். கேரள அரசு 2008-இல் வகுத்த வலிதணிப்புக் கொள்கையின் வழியாக, படுக்கையிலிருப்போர் இல்லங்களுக்கு உள்ளாட்சி மன்றங்களின் செவிலியர் வருகின்றனர். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்க. மொழி தெரியாதென்று தயங்க வேண்டா.

இறுதியாக ஒன்று. இவ்வூரில் அத்தையும் சித்தியும் அடுத்த தெருவில் இல்லை. பல வீடுகளில் இரண்டு மணிக்கொரு முறை விழிப்பவர் மனைவி ஒருவரே. சங்கத்து அன்பர்கள் முறைவைத்து, வாரத்திற்கு ஓர் இரவேனும் அத்தகைய வீடொன்றில் விழித்திருந்தால், அவர் அன்றாவது உறங்குவார். பழக்கூடையுடன் பத்து நிமிடம் பார்த்து வருவதினும் இது மேலான உபசாரம் அன்றோ?