விரலும் விரைவும்

கொக்குவிலும் இணுவிலும் தவிலோசை கேட்டு வளர்ந்த ஊர்கள். திருவிழாக் காலத்தில் மட்டுமன்று. விடியுமுன் எழுந்து சாதகம் செய்யும் பிள்ளைகளின் தட்டொலியும் எங்கள் இளமையில் வேலி கடந்து வரும். அவ்வொலியில் இனிமை இராது. ஒரே சொற்கட்டு நூறு முறை வரும். ஒரே நிதானத்தில் வரும். ‘இந்தப் பிள்ளைக்கு வேறொன்றும் தெரியாதோ’ என்று சிறுவனாகிய நான் எண்ணியதுண்டு. அவ்வெண்ணம் எத்துணைப் பேதைமை என்பதைச் சென்ற ஆண்டு ஒரு பியானோ எனக்குக் கற்பித்தது.

என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் பியானோவும் பயில்கின்றான். சோதனை அணுகிக்கொண்டிருந்தது. விரைந்து வாசிக்கவேண்டிய பாடம் ஒன்று அவனுக்குப் பணியவில்லை. நாள்தோறும் மூன்று மணி நேரம் இருப்பான். முழு வேகத்தில் தொடங்குவான். நான்காம் வரியில் இடறுவான். மீண்டும் முதலிலிருந்து அதே வேகத்தில் தொடங்குவான். ஒருநாள் வகுப்பிலே பேனாவைப் பிடிக்க இயலாது கையை உதறிக்கொண்டிருந்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நோவு என்றான். “பியானோவை விட்டுவிடப் போகிறேன், ஐயா” என்றும் சொன்னான். அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன்.

அவனுடைய பாட்டனார் முதிய தவிற்கலைஞர். பியானோவை அவர் தொட்டதில்லை. பேரனை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடியிருந்து கேட்டார். கேட்டபின் சொன்னார்:

“தம்பி, நீ பிழையைத்தான் சாதகம் பண்ணுறாய்.”

“மெல்ல வாசிச்சால் சோதினைக்கு முதல் பாடம் முடியாது, அப்பு.”

“முடியாட்டில் அடுத்தமுறை எடு. கை போனால் அடுத்தமுறை இல்லை.”

இவ்விரு மறுமொழிகளும் வீடு திரும்பிய பின்னரும் என்னை விடவில்லை. கைக்கு நல்லது தீயது பகுத்தறியும் ஆற்றல் இல்லை. திரும்பத் திரும்பச் செய்ததையே அது கற்கின்றது. நான்காம் வரியில் நாற்பது முறை இடறிய கை, இடறுதலையே பாடமாகக் கொள்கின்றது. ஆதலின் பயிற்சியின் பயன் எத்தனை மணி நேரம் என்பதில் மட்டும் இல்லை. அந்நேரத்தில் கை எதனைக் கற்றது என்பதிலேயே இருக்கின்றது.

நம் இசைமரபு இதனை நன்கு அறிந்திருந்தது. சரளிவரிசை பயிலும் பிள்ளை முதற்காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒரு சுரம் பாடும். இரண்டாங் காலத்தில் இரண்டு. மூன்றாங் காலத்தில் நான்கு. தாளம் மாறுவதில்லை, அதனுள் அடங்கும் சுரங்களின் தொகையே மாறுகின்றது. நிமிடத்துக்கு 60 தட்டு என்று கொண்டால், முதற்காலத்தில் 60 சுரம், மூன்றாங் காலத்தில் 240. முதற்காலத்தில் ஒரு சுரம் முன்னதாக விழுந்தால் அப்பிழை மூன்றாங் காலத்தில் நான்கு மடங்கு துருத்திக்கொண்டு தோன்றும். தவிலிலும் அதுவே முறை. சொற்கட்டை முதலில் வாய் சொல்லும். பின்னரே கை சொல்லும். வாய்க்குத் தெளியாத சொல் கைக்குத் தெளியாது.

இன்னும் பழையதொரு சான்றும் உண்டு. சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலே மாதவி யாழைத் திருத்தும் இடத்தில் விரற்றொழில்கள் பல பெயர்சொல்லி அடுக்கப்படுகின்றன. அவற்றுள் வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில். வடித்தல் என்பது சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்யுந் தொழில். உருட்டல் என்பதனை விளக்கும் பழைய உரை, இடக்கைச் சுட்டுவிரலைத் தனியே கூறி, வலக்கைச் சுட்டுவிரலைத் தனியே கூறி, அதன்பின்னரே விரல்கள் கூடிச் செய்வதைக் கூறுகின்றது. இன்றைய பியானோ ஆசிரியரும் இதனையே சொல்வார்: முதலில் வலக்கை தனியே, பின் இடக்கை தனியே, அதன்பின் இரண்டும் சேர்ந்து. யாழ் என்ற கருவி மறைந்துபோயிற்று. அதைப் பழகிய முறை மறையவில்லை.

பியானோவுக்கெனத் தனி இடர்ப்பாடுகளும் உண்டு. சுரங்கள் எட்டு, விரல்கள் ஐந்து. வலக்கையால் ஆரோகணம் வாசிப்பவன் மூன்று விரலால் மூன்று சுரம் தொட்டபின், பெருவிரலை நடுவிரலின் கீழாக நழுவவிட்டு நான்காம் சுரத்தைத் தொடவேண்டும். அவ்விடத்தில் மணிக்கட்டு துள்ளினால் ஓசையும் துள்ளும். மேலும், விரலை மடக்கி நீட்டும் பெருந்தசைகள் விரலில் இல்லை, முன்கையில் உள்ளன. நடுவிரல், மோதிரவிரல், சிறுவிரல் என்பவற்றை நீட்டும் நாண்கள் புறங்கையிலே ஒன்றோடொன்று பிணைப்புண்டவை. மோதிரவிரலை மட்டும் தனியே உயர்த்திப் பாருங்கள். அதன் அருமை விளங்கும். இது சோம்பலன்று, உடலின் அமைப்பு. அதனை வலிந்து வெல்லுதல் அரிது. இறுக்கம் நீக்கிப் பழக்குதலே தகும்.

வலிந்து வெல்ல முயன்றவர்களை மேலைநாட்டு இசை வரலாறு அறியும். செர்மனி நாட்டு ராபர்ட் சூமான் 1810இல் பிறந்தவர். பியானோக் கலைஞராக விழைந்தவர். விரலுக்கு வலிமையூட்ட ஒரு பொறியையும் அவர் கையாண்டார். இருபது வயதைக் கடந்த சிறிது காலத்தில் வலக்கை விரல் செயல் குன்றியது. காரணம் பற்றி ஆய்வாளர் வேறுபடினும், வாசிக்கும் வாழ்வு அவருக்கு வாய்க்கவில்லை என்பதில் ஐயமில்லை. இசையமைப்பாளராக அவர் உலகுபுகழ் பெற்றமை நமது பேறு. எல்லாருக்கும் அத்தகைய மறுவழி கிடைப்பதில்லை.

நம்மண்ணில் விரைவுக்கு ஒரு பெயர் சொல்லவேண்டுமாயின் தெட்சணாமூர்த்தி என்றே சொல்வோம். 1933இல் இணுவிலிற் பிறந்து 1975இல் மறைந்த அத்தவில் மேதை தமிழகத்தையும் வியக்கவைத்தவர். அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருது பெற்றது. எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளைக் கேட்பவர் முதலில் வேகத்தை வியப்பர். மறுமுறை கேட்டால் வேறொன்று புலப்படும்: எத்துணை விரைவிலும் ஒரு சொல் மற்றொரு சொல்லின்மேல் ஏறவில்லை. மணிகள் கோத்தாற்போல ஒவ்வொன்றும் தனித்து நிற்கின்றது. நாம் வேகம் என்று வியந்தது உண்மையில் தெளிவே.

இத்தனையும் எழுதும் நான் குற்றமற்றவனல்லேன். சூத்திரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவனை வகுப்பிலே பலமுறை பாராட்டியிருக்கின்றேன். பதம் பிரித்துப் பொருள் சொல் என்றால் அவன் திகைப்பான். நான்காம் வரியில் இடறியவனும் இவனும் ஒருவனே. கையைக் கெடுத்தால் நோவு தோன்றி எச்சரிக்கின்றது. கல்வியைக் கெடுத்தால் அந்த எச்சரிக்கையும் இல்லை.

மாணவன் மருத்துவரைக் கண்டான். நோவு தீரும்வரை கைக்கு ஓய்வு கொடுத்தான். அம்முறை அவன் சோதனைக்குத் தோற்றவில்லை. பின்னர் மெட்ரனோம் என்னும் தாளக்கருவியை 60இல் வைத்து, நான்காம் வரியை மட்டும் எடுத்துக்கொண்டான். வலக்கை சில நாள், இடக்கை சில நாள், பின் இரண்டும். மூன்று முறை பிழையின்றி வந்தாலன்றி அடுத்த எண்ணுக்குப் போவதில்லை என்பது பாட்டனார் இட்ட கட்டளை. நாளுக்கு முக்கால் மணி நேரமே பயிற்சி.

சென்ற வாரம் அவ்வழியாகச் சென்றபோது வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். உரிய வேகம் இன்னும் வரவில்லை. ஒரே வரி திரும்பத் திரும்ப ஒரே நிதானத்தில் வந்துகொண்டிருந்தது. இம்முறை அது எனக்குச் சலிப்பாக இருக்கவில்லை.