பழைய கெப் வண்டிக்குப் பின்னால் ஒரு கண்: சென்சரா, கெமராவா?

புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் வேலை நாளொன்றில் காலை பத்து மணிக்கு ஒரு கெப் வண்டியைப் பின்னோக்கி எடுத்துக் கடை வாசலில் நிறுத்துவது இலேசான காரியமல்ல. ஒரு பக்கம் தள்ளுவண்டி, மறுபக்கம் மூட்டை சுமந்து வரும் நாட்டாமி, இடையில் புகுந்து செல்லப் பார்க்கும் முச்சக்கர வண்டி. காத்தான்குடியின் ஒழுங்கைகளிலும் அக்குறணையின் மேட்டுப் பாதைகளிலும் சாமான் இறக்கும் வியாபாரிகளுக்கும் இந்தச் சிரமம் புதிதல்ல.

இத்தகைய தொழிலில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், வரியோடு சேர்ந்த விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவே இருபது, முப்பது வருடம் ஓடிய டொயோட்டா ஹைலக்ஸையும் மிட்சுபிஷி எல் 200ஐயும் திருத்தித் திருத்தியே எமது வர்த்தகர்கள் பாவித்து வருகின்றனர். இயந்திரத்தில் இவற்றுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்பக்கம் பார்ப்பதற்கு இவற்றில் கண்ணாடிகளைத் தவிர வேறொன்றுமில்லை. பின்தட்டில் சாமான் உயர்ந்துவிட்டால் உட்கண்ணாடியும் பயனற்றுப் போகிறது.

பழைய வண்டிகள் பலவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே எடுக்கப்பட்டிருக்கும். சுவரில் இடித்து உடைந்த பின்விளக்குக்கும் நெளிந்த பின்கதவுக்கும் அது ஒரு சதமும் தராது. சுவரில் இடித்தால் பணத்தோடு போகும். குழந்தையின் மேல் ஏறினால்? அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் 2002ஆம் ஆண்டு சிறுவர் மருத்துவர் ஒருவர் தமது வீட்டு வாசலில் வாகனத்தைப் பின்னோக்கி எடுத்தபோது, அவரது இரண்டு வயது மகனே சக்கரத்தில் அகப்பட்டு இறந்தான். கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டுதான் அவர் பின்னெடுத்தார். அக்குழந்தையின் பெயரிலேயே அங்கு சட்டம் இயற்றப்பட்டு, 2018 மே முதல் சுமார் நாலரை தொன்னுக்குட்பட்ட புதிய வாகனங்கள் அனைத்துக்கும் பின்கெமரா கட்டாயமாக்கப்பட்டது. எமது பழைய வண்டிகளுக்கு எந்தச் சட்டமும் கெமரா பூட்டித் தராது. அதை நாமேதான் வாங்கிப் பூட்ட வேண்டும்.

சந்தையில் கிடைப்பவை இரண்டு வகை. சென்சர் என்பது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்துச் சத்தமிடுவது. கெமரா படத்தைக் காட்டுவது. கார் வைத்திருப்பவர்கள் மலிவான நான்கு சென்சர் கொண்ட பெட்டியை வாங்கிப் பூட்டித் திருப்தியடைகிறார்கள். அதைப் பார்த்து கெப் வண்டிக்காரரும் அதையே வாங்குவதுதான் பிரச்சினை. காருக்கு இருப்பது பிளாஸ்டிக் பம்பர். பழைய கெப்பில் இருப்பதோ இரும்புப் பம்பர். சிலவற்றில் அதுவும் இல்லை. இரும்பில் துளையிட்டுச் சென்சரை நேரடியாக இறுக்கினால் அதிர்வு இரும்புக்குத் தாவி, எதுவுமே இல்லாத இடத்திலும் சத்தமிடும். ஆகவே றப்பர் வளையத்துடன் வரும் சென்சர்களையே கேட்டு வாங்க வேண்டும். துளையின் ஓரத்துக்குத் துருத்தடுப்புப் பெயின்ற் பூசாவிட்டால் அடுத்த மாரியில் பம்பர் அங்கிருந்தே உக்கத் தொடங்கும். கரையோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பம்பரின் உட்புறம் ஒட்டும் பட்டி வகைச் சென்சர்களும் உண்டு. அவை இரும்புப் பம்பரில் வேலை செய்யாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கெப் வண்டியின் பின்புறம் வெறுமையாக இருக்கும்போது ஓர் உயரத்திலும், முப்பது மூட்டை ஏற்றியதும் வேறோர் உயரத்திலும் நிற்கும். சென்சருக்குப் பொருத்தமான உயரம் தரையிலிருந்து சுமார் 50 முதல் 70 சென்ரிமீற்றர். வெறும் வண்டியில் அளந்து பூட்டினால், பாரம் ஏறிப் பின்புறம் தாழ்ந்தவுடன் சென்சர் நிலத்தையே நோக்கி ஓயாமல் கத்தும். இரண்டு நாளில் சாரதி எரிச்சலடைந்து வயரைக் கழற்றிவிடுவார். வழமையாக ஏற்றும் பாரத்தில் பாதியை ஏற்றி வைத்துக்கொண்டு உயரத்தைக் குறிப்பதே சரி.

சென்சரின் பார்வையிலும் குறை உண்டு. தாழ்ந்த வாசற்படி, மெல்லிய கம்பி, துணிக்கட்டு, சாக்கு மூட்டை போன்றவற்றை அது சில வேளை கண்டுகொள்வதில்லை. மிருதுவான பொருள் ஒலியை உறிஞ்சிவிடும். கெய்சர் வீதியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே பின்னெடுக்கும் வண்டிக்கு இது நல்ல செய்தியல்ல. அத்துடன் பழைய சோனகத் தெருவில் இரும்புக் குழாய்களை ஏற்றிப் பின்கதவைத் திறந்து விட்டுக்கொண்டு வரும் வண்டியில், சென்சர் பம்பரிலிருந்தே தூரத்தை அளக்கும். குழாயின் நுனி அதற்கு அப்பால் நீட்டிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரண சென்சர் ஒன்று ஒன்றரை, இரண்டு மீற்றரில்தான் சத்தமிடத் தொடங்கும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் பின்னே போகும் வண்டி ஒரு செக்கனில் சுமார் 1.4 மீற்றர் நகர்ந்துவிடும். சத்தம் கேட்டுச் சாரதி பிரேக்கை மிதிக்க ஒரு செக்கன் எடுத்தால் மீதி என்ன இருக்கிறது?

எனவே ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்குமானால் கெப் வண்டிக்குக் கெமராவே ஏற்றது என்பது எமது கருத்து. சென்சர் முற்றிலும் வீண் என்பதல்ல. கெமரா திரையைப் பார்ப்பவனுக்கு மட்டுமே பயன்படும். சென்சரோ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பவனையும் கூப்பிடும். வசதியுள்ளவர்கள் இரண்டையும் பூட்டலாம்.

கெமரா வாங்கும்போது முதலில் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். கெப் வண்டிகள் பொதுவாக 12 வோல்ட். சிறிய லொறிகளில் பல 24 வோல்ட். இரண்டும் வைத்திருப்பவர் இரண்டிலும் இயங்கும் கெமராவையே கேட்க வேண்டும். அடுத்தது, கெமராவும் திரையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தெளிவு கூடிய ஏ.எச்.டி. கெமராவை வாங்கிப் பழைய திரையில் கொடுத்தால் படம் வராமல் போகலாம். பஞ்சிகாவத்தையில் கடை மேசையிலேயே பற்றரி ஒன்றில் கொடுத்துப் படத்தைப் பார்த்த பின்னர் காசைக் கொடுங்கள். படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி வர வேண்டும் என்பதையும் அங்கேயே உறுதிசெய்யுங்கள். முன்கெமராவைப் பின்னால் பூட்டி, இடப்பக்கம் ஒடிப்பதாக நினைத்து வலப்பக்கச் சுவரில் போய் இடித்தவர்கள் இருக்கிறார்கள்.

நீர் புகாத தன்மைக்கு ஐ.பி. என்ற இலக்கம் போடப்பட்டிருக்கும். ஐ.பி. 67 என்றால் தூசி புகாது, ஒரு மீற்றர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். சேர்விஸ் நிலையத்தில் அடிக்கும் அழுத்தத் தண்ணீர் வேறு விதமானது. அதைத் தாங்குவதற்கான குறியீடு 69 கே. பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. கழுவும்போது கெமராவுக்கு நேரே பீச்ச வேண்டாமென்று பொடியனிடம் சொல்லி வைப்பது நல்லது. 170 பாகை அகலம் என்று விளம்பரம் செய்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அகலம் கூடக்கூடப் பொருட்கள் உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதுபோல் தெரியும்.

பூட்டும் இடம் தொழிலைப் பொறுத்தது. பின்கதவில் பூட்டினால் கதவைத் திறந்தவுடன் கெமரா நிலத்தைப் பார்க்கும். நீட்டுச் சாமான் ஏற்றுபவர்கள் பம்பரின் நடுவில், இலக்கத் தகட்டுக்கு அருகில் பூட்டட்டும். சேறு படியும்தான், துடைத்துக்கொள்ளலாம். திரைக்கு, உட்கண்ணாடியின் மேல் மாட்டும் வகை வசதியானது. சாமான் ஏறியதும் சும்மா கிடக்கும் கண்ணாடி அப்போதாவது ஒரு வேலைக்கு உதவும்.

வயர் வேலைக்கு முன் றிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கெமராவுக்கான மின்சாரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுக்கப்படும். பழைய வண்டிகளில் கியர்பெட்டியிலுள்ள சுவிட்ச் பழுதாகியிருப்பதும், துருவினால் ஏர்த் கிடைக்காமல் போவதும் சாதாரணம். அதைத் திருத்தாமல் புதிய கெமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. கெப்பின் முன்கூடும் பின்தட்டும் தனித்தனியானவை. பள்ளத்தில் இரண்டும் வெவ்வேறாக ஆடும். அவற்றுக்கிடையே வயரைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும், இழுத்துக் கட்டினால் ஒருநாள் அறுந்துவிடும். சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டு செல்வதும், சிறிய பியூஸ் ஒன்று போடுவதும் அவசியம். வயர்லெஸ் கெமரா என்பது படத்துக்கு மட்டுமே வயர் இல்லாதது. மின்சாரத்துக்கு எப்படியும் வயர் இழுக்கத்தான் வேண்டும்.

திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் உங்கள் வண்டிக்காக வரையப்பட்டவையல்ல. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, பம்பரிலிருந்து அரை மீற்றரிலும் ஒரு மீற்றரிலும் இரண்டு மீற்றரிலும் சோக்கினால் கோடு போட்டு, அவை திரையில் எங்கே விழுகின்றன என்று சாரதியைப் பார்க்கச் செய்யுங்கள். பின்கதவு திறந்தபடி ஓடும் வண்டியானால் கதவின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

கெமரா வந்துவிட்டது, இனி உதவியாளர் தேவையில்லை, ஒரு சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடும் முதலாளிமாரும் உண்டு. இந்தக் கணக்கு பிழை. பின்னால் ஒடிக்கும்போது முன்பக்கம் வெளியே வீசும். அங்கு நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பின்கெமரா காட்டாது. பக்கவாட்டிலிருந்து ஓடி வரும் பிள்ளை திரைக்குள் வருவதற்கு முன் சக்கரத்துக்குள் வந்துவிடலாம். பொடியில் தட்டி "நிப்பாட்டு" என்று கத்துபவர் இரண்டு பக்கத்தையும் பார்ப்பவர். அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் இப்போது மாற்றிச் சொல்ல வேண்டும். வண்டிக்கு நேர் பின்னால் நிற்காமல், சாரதியின் வலப்பக்கக் கண்ணாடியில் முகம் தெரியும்படி சற்றே விலகி நிற்க வேண்டும். நேர் பின்புறத்தைக் கெமரா பார்த்துக்கொள்ளும்.