உள்ளங்கையில் எழுதிய குறிப்பு

“உபுண்டுவில் வயர்ஷார்க் நிறுவினேன். நிறுவல் முடிந்தது என்றது. ஆனால் ஒரு நெட்வொர்க் பாக்கெட்டைக்கூடப் பிடிக்க மறுக்கிறதே?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். நடுவில் ஒரு கேள்வி வந்திருக்கும்: சாதாரணப் பயனருக்கும் அனுமதி உண்டா? ‘இல்லை’ என்ற விடை தயாராக நிற்கும், எண்டரைத் தட்டியிருப்பார். ‘ஆம்’ என்றிருந்தாலும் வேலை முடியாது. பயனரை வயர்ஷார்க் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். இதெல்லாம் ‘ரீட்மி’ கோப்பில் பத்திரமாக இருக்கிறது. யார் திறக்கிறார்கள்?

இப்படிப்பட்ட குறிப்பைக் கண்ணில் படவைக்க, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன்காரர்கள் முயலாமல் இல்லை. ஜோயி ஹெஸ் எழுதிய டெப்கான்ஃப், நிறுவலை நிறுத்திவைத்துக் குறிப்பு காட்டும். பொதிக்குப் பொதி நிறுத்தினால் யார் தாங்குவது? மிகக் கடுமையான சிக்கலுக்கு மட்டும் என்று அதன் கையேடே கறாராகச் சொல்கிறது. வரலாறு இவ்வளவு போதும்.

ரசிக்க வேண்டியது வேறு. உபுண்டுவில் புதிய கெர்னல் வந்தால் கணினியை ரீபூட் செய்தாக வேண்டும். நிறுவல் முடிந்ததும் ஓடும் ஸ்கிரிப்ட், ‘ரன்’ அடைவில் ‘ரீபூட்-ரிக்வயர்ட்’ என்றொரு குட்டிக் கோப்பைப் போட்டுவைக்கும். உள்ளே ஒரே வரி. சர்வருக்குள் நுழையும்போதெல்லாம் அந்த வரி திரையில் நிற்கும். ரீபூட் ஆனபின் கோப்பை அழிப்பது யார்? ஒருவருமில்லை. 2011 முதல் லினக்ஸ் வகைகளில் இடம்பிடித்த ‘ரன்’ அடைவு வட்டில் இல்லை, ரேமில் இருக்கிறது. சொன்ன வேலையைச் செய்தாலே குறிப்பும் போய்விடும்.

‘குளிக்க வேண்டும்’ என்று உள்ளங்கையில் இங்க் பேனாவால் எழுதிக்கொள்வது போலத்தான். குளித்தால் எழுத்து அழியும். (கை கழுவினாலே போய்விடுமே என்பவர்கள், சாப்பிடாமல் இருக்கட்டும்.) ஆனால் ‘ரேஷன் கடை’ என்று எழுதிக்கொண்டு குளித்தாலும் எழுத்து அழியும், அரிசி வந்திருக்காது. வயர்ஷார்க் நினைவூட்டலை ‘ரன்’ அடைவில் வைத்தால் அதே கதிதான்.

அதைவிட ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற கருவியின் வழி மேல். அது எதையும் எழுதிவைப்பதில்லை. நேரே போய்ப் பார்க்கிறது. புதுப்பித்தபின் பழைய லைப்ரரியை இன்னும் விடாமல் பிடித்திருக்கும் சேவைகள் எவை என்று தேடுகிறது. அழிந்த கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ‘டெலிட்டட்’ என்று கெர்னலே காட்டிக்கொடுத்துவிடும். உபுண்டு சர்வர் 22.04இல் இது தானாகவே வந்தது. அப்டேட் போடும்போதெல்லாம் கேள்விப் பெட்டி முளைத்ததால் அதன் வாயை அடைக்க வழி தேடியவர்களும் உண்டு.

இதற்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வேண்டும் என்று யாராவது கிளம்புவார்கள். வாசகருக்கு ‘பாஷ்ஆர்சி’ கோப்பில் ஒரு வரி போதும்: ‘ஐடி’ கட்டளையின் விடையில் வயர்ஷார்க் குழு இல்லாவிட்டால் சொல். பயனர் பெயர் தராமல் ஓட்டினால், குழுவில் சேர்ந்த மாத்திரத்தில் ‘ஐடி’ ஒத்துக்கொள்ளாது. வெளியேறி உள்ளே வந்த பிறகுதான் அந்த வரி அடங்கும்.