‘பெசாமே மூச்சோ’ – ஒரு மெக்சிக்கோக் காதற்பாடலின் பொருள்

மெக்சிக்கோ நாட்டுக் காதற்பாடல்களுள் உலகெங்கும் பரவிய சிறப்புடையது ‘பெசாமே மூச்சோ’ என்பது. ஸ்பானிய மொழியிலமைந்த இத்தொடர் ‘என்னை மிகுதியாக முத்தமிடு’ எனப் பொருள்படும். தலைப்பை மட்டும் நோக்குவோர் இதனை இன்பக் களிப்பின் பாடலெனக் கொள்ளுதல் இயல்பே. ஆயின், பாடல் முழுவதையும் இயக்கும் உணர்ச்சி பிரிவச்சமாகும்.

இதனை இயற்றியவர் 1916ஆம் ஆண்டில் ஹலிஸ்கோ மாநிலத்திற் பிறந்த கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் என்னும் அம்மையார். பியானோ இசையில் முறையான பயிற்சி பெற்ற இவர், 1940ஆம் ஆண்டளவில் இப்பாடலை ஆக்கினார். கியூபாவில் தோன்றி மெக்சிக்கோவில் வளர்ச்சியுற்ற ‘பொலேரோ’ என்னும் இசைவகையைச் சார்ந்தது இது. இதனை இயற்றியபோது தாம் முத்தத்தையே அறிந்திருக்கவில்லை என அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். பாடலின் இன்பமும் துயரும் கற்பனையிற் பிறந்தவை என்பது இதனாற் புலனாகும்.

இந்த இரவே இறுதி இரவு என்பதுபோல முத்தமிடுமாறு பாடல் வேண்டுகிறது. இங்கு ‘போல’ என்னும் சொல்லே பொருளின் திறவுகோல். இறுதி இரவு வந்துவிடவில்லை. வரக்கூடும் என்னும் எண்ணமே நெஞ்சை வருத்துகிறது. காதலரை இழக்க நேருமோ என்னும் அச்சம் அடுத்து வெளிப்படுகிறது. அவர் கண்களில் தன்னைக் காண விழையும் அவ்வுள்ளம், நாளை நெடுந்தொலைவில் இருக்கப்போவது தானாகவும் இருக்கலாம் என நினைக்கிறது. இழப்பை அஞ்சுபவரே பிரிந்து செல்பவராகவும் ஆகலாம். ஆதலாற் காதலர்மேற் பழி சுமத்தப்படவில்லை. பிரிவின் காரணமுங் கூறப்படாமையின், பாடல் எவ்வகைப் பிரிவுக்கும் பொருந்துவதாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பிரிவுற்றோர் பலரை இப்பாடல் கவர்ந்ததற்கு இதுவே காரணம் எனலாம். 1944ஆம் ஆண்டில் ஜிம்மி டோர்சி குழுவினரின் ஆங்கில இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ஆயினும், சனி ஸ்கைலர் எழுதிய அவ்வாங்கில வடிவில் இறுதி இரவு என்னுங் கருத்து இடம்பெறவில்லை. காதலர் நீங்கிச் சென்றால் தன் வாழ்வே முடிந்துவிடும் என்னுங் கூற்றே அங்குள்ளது. தானே பிரிய நேரலாம் என்னும் நுட்பம் அதில் மறைந்துவிட்டது.

அம்மையார் 2005ஆம் ஆண்டிற் காலமானார். பாடலோ பல நாட்டவராலும் பாடப்பட்டு வருகின்றது. மெட்டின் இனிமையில் மயங்குவோர் மூலத்தின் பொருளையும் அறிந்து கேட்பாராயின், முத்தத்தை வேண்டுங் குரலில் நாளையை எண்ணி நடுங்கும் நெஞ்சத்தையும் உணர்வர்.