புதைந்த ஞானப்பல்: வலிக்கவில்லை என்றால் விட்டுவிடலாமா?

சொத்தைப் பல்லைக் காட்ட உக்கடத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போகிறீர்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தவர், "கடைசிப் பல்லு உள்ளயே புதைஞ்சு கெடக்குதுங்க, சுத்தியும் கட்டியாட்டம் தெரியுது" என்கிறார். உங்களுக்கோ வலியே இல்லை. என்ன செய்வது?

அது எந்தப் பல்? பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் ஞானப்பல். தாடையில் இடம் போதாவிட்டால், சாய்ந்தோ படுத்தோ எலும்புக்குள்ளேயே நின்றுவிடும்.

கட்டி எப்படி வருகிறது? முளைக்காத பல்லின் தலையை மெல்லிய பை ஒன்று மூடியிருக்கும். பல் உள்ளேயே தங்கினால் பையும் தங்கும். சிலருக்கு அந்தப் பைக்குள் நீர் கோத்து உப்பும்; அதுதான் நீர்க்கட்டி. எக்ஸ்ரேயில் பல்லைச் சுற்றி 2, 3 மி.மீ. கறுப்பு வளையம் தெரிந்தால் பெரும்பாலும் இயல்பு. 5 மி.மீ. தாண்டினால் சந்தேகப்பட வேண்டும்.

வலிக்கவில்லையே? சீழ் பிடிக்கும்வரை பெரும்பாலும் வலிக்காது. அதற்குள் கட்டி சத்தமில்லாமல் தாடை எலும்பை அரிக்கும், பக்கத்துப் பல்லைத் தள்ளும். மிகவும் பெரிதானால் லேசான அடியிலேயே தாடை முறியலாம்.

புற்றுநோயாக இருக்குமோ? மிக அரிது. ஆனால் அமெலோபிளாஸ்டோமா (பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து எழுந்து எலும்பை அழிக்கும் கட்டி) எக்ஸ்ரேயில் நீர்க்கட்டியைப் போலவே தோன்றலாம். அதனால் கட்டியை எடுத்தால், அந்தச் சதையைப் பயாப்ஸிக்கு (நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்லுங்கள்; முடிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் போதாதா? மாத்திரை சீழையும் வீக்கத்தையும் தணிக்கும். பை அப்படியேதான் இருக்கும். கிராம்பும் உப்புநீரும் அதைக் கரைக்காது.

அப்படியானால் புதைந்த பல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா? வேண்டாம். நோய் இல்லாத புதைந்த பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டியதில்லை என்று பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வந்தது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஓ.பி.ஜி. (இரு தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே) எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் போதும். பழைய படத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

கட்டி இருந்தால்? சிறியதைப் பல்லோடு சேர்த்து எடுப்பார்கள். பெரியதாக இருந்தால் முதலில் பையைத் திறந்துவிட்டு, சுருங்கிய பிறகு எடுப்பதும் உண்டு. கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. உதடு மரத்துப்போகும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா? போகாது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

எங்கே காட்டுவது? உக்கடத்துக்காரர்களுக்குத் திருச்சி சாலையிலுள்ள கோவை அரசு மருத்துவமனை பக்கம்தான். அங்கே பல் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போனால், வாய் மற்றும் முகத்தாடை அறுவை மருத்துவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம்.

எடுத்த பிறகு? முதல் நாள் எச்சில் துப்பாதீர்கள், உறிஞ்சிக் குடிக்காதீர்கள். ஆறிய கஞ்சியோ தயிர்சாதமோ போதும். பீடி, சிகரெட்டைக் கண்டிப்பாகத் தவிருங்கள். கட்டி இருந்த குழியில் எலும்பு வளரப் பல மாதங்கள் ஆகும். மருத்துவர் வரச் சொன்ன நாளில் போய்க் காட்டுங்கள்.

வாய் திறக்கவே முடியாமல், நாக்கின் அடியிலோ கழுத்திலோ வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவும் சிரமமாக இருந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அந்த வீக்கம் மூச்சுக்குழலை அடைக்கக்கூடும். நடு ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.